சப்டைட்டில் இருக்கா, முதல்ல அதைப் பாருங்க: வாடகைக்கு உலகப் படம் எடுத்த அனுபவம்

காட்பாடி நண்பர் ஒருவர் கேட்டார்: “ஈரான், ருமேனியா படமெல்லாம் பார்க்கணும்னா மாசச் சந்தா கட்டறதா, படத்துக்குப் படம் வாடகைக்கு எடுக்கறதா சார்?” ஒரு வரியில் சொல்ல முடியாததால் இந்தப் பதிவு.

வாடகை முறை தெரிந்ததுதான். பணம் கட்டினால் பார்க்கத் தொடங்க 30 நாள் கெடு, ப்ளே அழுத்தினால் பார்த்து முடிக்க 48 மணி நேரம். பெரும்பாலான ஆன்லைன் கடைகளில் இதுதான் நடைமுறை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் கரண்ட் மாலைதான் வரும். அந்த 48 மணி நேரம் அதற்காகக் காத்திருக்காது. மறுநாள் மின்தடை அறிவிப்பில் உங்கள் ஏரியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ப்ளே அழுத்துங்கள். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான்.

சமாளிக்க முடியாதது சப்டைட்டில்.

டேனிஷ் படம் என்று நினைத்து எடுப்போம். ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள். கடையில் இருப்பது டப்பிங் பிரதி. மூல ஒலித்தடமே கிடையாது. போஸ்டரிலும் டிரெய்லரிலும் இது தெரியாது. படத்தின் விவரப் பக்கத்தில் கீழே இறங்கிப் போனால் ‘ஆடியோ’, ‘சப்டைட்டில்’ என்று இரண்டு வரி இருக்கும். ஆடியோவில் படத்தின் சொந்த மொழியும், சப்டைட்டிலில் ஆங்கிலமும் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். அந்த இரண்டு வரியே இல்லாத படத்தைத் தொடாதீர்கள். சில படங்களில் சப்டைட்டில் படத்தோடு சேர்த்தே பதிந்திருக்கும். அப்போது அந்த வரி காலியாக இருந்தாலும் எழுத்து வரும். டிரெய்லரில் எழுத்து இருப்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், டிரெய்லர் வேறு பிரதியிலிருந்து வந்திருக்கலாம். தப்பாக எடுத்துவிட்டால் ப்ளே அழுத்துவதற்கு முன்பே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டால்கூட வாதாட வேண்டியிருக்கும்.

அடுத்தது எழுத்து ஓட்டம். ஆரம்பத்தில் சரியாக இருக்கும், போகப்போக வசனத்துக்கு முன்பே எழுத்து வந்துவிடும். நெட்டைக் குறை சொல்லாதீர்கள். சினிமா வழக்கமாக நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 படச்சட்டம். ஐரோப்பாவில் பல படங்கள் நொடிக்கு 25 பிரேம் பிரதியாகவும் இருக்கும், அது சற்று வேகமாக ஓடும். அதற்குச் செய்த சப்டைட்டிலை 24 பிரேம் பிரதியோடு ஒட்டினால் 10 நிமிடத்தில் 24 நொடி முந்திவிடும். ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம். கொலைகாரன் யார் என்று எழுத்து சொல்லிவிடும், அவன் இன்னும் டீயே குடித்து முடித்திருக்க மாட்டான். நம்மிடம் இருக்கும் ஃபைல் என்றால் வி.எல்.சி. பிளேயரில் ஓட்டி சப்டைட்டில் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். வாடகைப் படத்தில் அந்த வசதி கிடையாது. முதல் 10 நிமிடத்திலேயே கவனித்து, ஸ்கிரீனில் எந்த நிமிடம், எத்தனை நொடி வித்தியாசம் என்று குறித்துப் புகார் அனுப்புங்கள். ‘சப்டைட்டில் சரியில்லை’ என்று மொட்டையாக எழுதினால் ‘ஆப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்றுதான் பதில் வரும்.

பனிப் பிரதேசப் படங்களில் வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்து. ஆண்ட்ராய்டு டி.வி.யில் செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, கேப்ஷன்ஸ் என்று போய் மஞ்சள் எழுத்து, கருப்புப் பின்னணி வைக்கலாம். சில ஆப்கள் இதை மதிக்காது, அவற்றுக்குத் தனி மெனு இருக்கும். படத்தோடு பதிந்த எழுத்துக்கு எதுவும் செய்ய முடியாது.

எச்.டி. பற்றிச் சுருக்கமாக. லேப்டாப் பிரவுசரில் பார்ப்பதாக இருந்தால் கூடுதல் பணம் கொடுத்து எச்.டி. எடுக்காதீர்கள். காப்பி எடுக்க முடியாதபடி படத்தைப் பூட்டி வைக்கும் வைட்வைன் முறையில் எல்1 என்ற மேல்நிலைப் பூட்டு இருக்கும் டி.வி.க்கும் போனுக்கும்தான் முழுத் தெளிவு. லேப்டாப் குரோம் பிரவுசர் மாதிரி எல்3 என்ற கீழ்நிலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் 480பி என்ற குறைந்த தெளிவோடு நின்றுவிடும். பெயர் தெரியாத மலிவு டி.வி. பாக்ஸ்களிலும் இதே கதி. ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: 5 எம்.பி.பி.எஸ். வேகத்தில் 2 மணி நேரப் படம் 4.5 ஜி.பி. இழுக்கும். தினம் 1.5 ஜி.பி. திட்டம் 40 நிமிடத்தில் காலி.

இவ்வளவு திட்டினாலும் படம் தேடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. சந்தா ஆப் காட்டுவதைப் பார்ப்பது வேறு, நாமே தேடி எடுப்பது வேறு. ஆஸ்கர் சர்வதேசப் படப் பிரிவுக்கு நாட்டுக்கு ஒரு படம் என்று வருடா வருடம் எண்பதுக்கு மேல் போகின்றன. குறும்பட்டியலில் 15, இறுதியில் 5. விழுந்துபோன மீதிதான் நம் சுரங்கம். விக்கிபீடியாவில் வருட வாரியாக அந்தப் பட்டியல் மூலப் பெயரோடு இருக்கிறது. ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதுப் பட்டியலும் அப்படித்தான்; 2021இல் நம் தமிழ்ப் படம் ‘கூழாங்கல்’ வாங்கியது அந்த விருதைத்தான். எந்தப் படம் எங்கே கிடைக்கும் என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை இந்தியா என்று வைத்து, வாடகையை மட்டும் வடிகட்டி, ஆங்கிலப் பெயரிலும் மூலப் பெயரிலும் இரண்டு தடவை தேடுங்கள். ஒரே பெயரில் ரீமேக் இருக்கும், வருடத்தைச் சரிபாருங்கள்.

எதிர்பார்க்காத சந்தோஷம் ஈரானியப் படங்கள். அவற்றின் மொழி பாரசீகம், உருதுவில் அந்த வார்த்தைகள் நிறைய. அதனால் மேல்விஷாரத்து உருதுக்காரர்கள் சப்டைட்டில் வருவதற்கு முன்பே பாதி வார்த்தையைப் பிடித்துவிடுவார்கள்: தோஸ்த், ஜிந்தகி. நமக்கும் மோசமில்லை. பஜார், ஜமீன் காதில் விழும். ‘கொஞ்சம்’ என்பதற்கு ஈரானியர்கள் சொல்லும் ‘கமீ’தான் நம் ‘கம்மி’. ஆற்காடு நவாப் விட்டுப்போன சில்லறை.

கேள்விக்குப் பதில்: சந்தாவே கட்டுங்கள் சார். இந்த ஆடியோ வரி, பிரேம் கணக்கு எல்லாம் பார்க்கிற பொறுமை எல்லாருக்கும் வராது. காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கி.மீ., டிசம்பரில் அங்கே திரைப்பட விழாவும் நடக்கிறது, அதற்குப் போய்வரலாம். நான் இந்த வாரம் மூன்று படம் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் ப்ளே அழுத்தவில்லை.