கேம்பர் வேனில் லக்சம்பர்க்கா, ஸ்லோவேனியாவா?

லக்சம்பர்க் மொத்தமே 2,586 சதுர கி.மீ. நெடுஞ்சாலையில் கேம்பர் வேனுக்கு (உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள வேன்) சுங்கம் கிடையாது. எக்டர்நாக் பக்கம் ஒரு கேம்பிங்கில் வேனை நிறுத்திவிட்டு, பேருந்திலும் ரயிலிலும் நாட்டையே சுற்றலாம். 2020 மார்ச் முதல் இரண்டாம் வகுப்புப் பயணம் எல்லோருக்கும் இலவசம், சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்துத்தான். அப்புறம் வேன் எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான்!

ஸ்லோவேனியா அப்படியில்லை, அங்கே ஓட்டுவதே சுகம். ஒரே நாளில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து பிரான் கடற்கரைக்கு இறங்கிவிடலாம். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறுமுன் மின்னணு விக்னெட், அதாவது சுங்க அனுமதி, வாங்க வேண்டும். வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை 3.5 டன்னைத் தாண்டினால் விக்னெட்டுக்குப் பதில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். 1,611 மீட்டர் உயர விர்ஷிச் கணவாயில் 50 கொண்டை ஊசி வளைவுகள். கிரான்ஸ்கா கோரா பக்கத்து வளைவுகளில் கல் பாவிய தளம், மழையில் வழுக்கும். நீளமான வேன் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். போஹின் ஏரிக்கரையில் இரவு தங்க ஆசை வரும். கேம்பிங்குக்கு வெளியே தங்கினால் அபராதம்.

சிறு குழந்தைகளோடு மூன்று நாள் என்றால் லக்சம்பர்க் சரி. ஒரு வாரம் கையில் இருந்தால் யோசிக்காமல் ஸ்லோவேனியா.