கண்ணாடிக் கிண்ணத்தில் விற்கும் நீல நிற ஹவுஸ்வூர்ட்ஸ் வாங்காதீர்கள்

சுவிஸில் இருக்கிற நம்மவர்களுக்கு: மார்கழிச் சந்தையில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நீலமாக, ஊதாவாக ஹவுஸ்வூர்ட்ஸ் என்று தடித்த இலையுள்ள ஒரு குட்டிச் செடி விற்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். போன வருடம் 32 பிராங் கொடுத்து ஏமாந்தேன்.

அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். அந்த ஆடியில் அவவை ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஸெர்மாட்டுக்குக் கூட்டிப் போயிருந்தோம். பாதையோரப் பாறை வெடிப்பில் ஒரு பிராங் குற்றி அளவுகூட இல்லாத இலைக்கொத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை வலை. "சிலந்தி கட்டினதோ பிள்ளை?" என்று அம்மா குனிந்து பார்த்தா. சிலந்தி இல்லை. இலை நுனிக்கு இலை நுனி அந்தச் செடியே கட்டிக்கொள்கிற மெல்லிய மயிர் அது. செம்பர்விவம் அரக்னாய்டியம் என்பது தாவரவியல் பெயர். இங்கே ஸ்பின்வெப்-ஹவுஸ்வூர்ட்ஸ் என்பார்கள். "ஒரு பிடி மண்ணில்லாமல் கல்லிலை பிழைக்குது" என்று திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அதையே கதைத்துக்கொண்டு வந்தா.

சந்தையில் அதே பெயர் எழுதிய கிண்ணத்தைக் கண்டதும் யோசிக்கவில்லை. "வீட்டுக்குள் வைக்கலாம், கிழமைக்கு ஒருமுறை தண்ணீர்" என்று விற்றவர் சொன்னார். அட்டையிலும் அப்படியே இருந்தது. நீல நிறம் இயற்கையா என்று கேட்டேன், புது ரகம் என்றார்.

தை முடிய முன்னமே அடி இலைகள் ஊறின அப்பளம்போலத் தொங்கின. கிள்ளிப் பார்க்க, இலைக்கொத்து முழுவதும் கையோடு வந்துவிட்டது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த சளி. மேலே பரப்பியிருந்த வெள்ளைக் கற்களை எடுக்கப் போனால் எல்லாம் ஒரே தகடாகக் கழன்றன, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கீழே பஞ்சுபோல் ஈரம் பிடித்த கரிமண். கிண்ணத்தில் ஓட்டையே இல்லை. இலையை நகத்தால் சுரண்டினேன், நீலம் செதிலாக உரிந்து பச்சை தெரிந்தது. அந்த வடிவான வலை சாயத்தில் ஒட்டி நனைந்த பஞ்சாகக் கிடந்தது. வெளிச்சத்தில் வாழ்கிற இலைக்குச் சாயம் பூசினால் அது எப்படிப் பிழைக்கும்?

படங்களோடு கடைக்கு மின்னஞ்சல் போட்டேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வந்தது: "நீங்கள் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் ஊற்றிவிட்டீர்கள்." அட்டையில் அவர்கள் எழுதினபடிதான் ஊற்றினோம். காசு திரும்பவில்லை. காசைவிட, அம்மா தன் கைராசிதான் கெட்டது என்று நினைத்துக் கலங்கினதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஹவுஸ்வூர்ட்ஸ் கூரையில் வளர்ந்த செடி. தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரையில் அதை வைத்திருக்க வேண்டும் என்று பழைய ஐரோப்பியப் பேரரசன் சார்லமேன் காலத்து ஆணை ஒன்றிலேயே இருக்கிறது. ஆல்ப்ஸ் பனியில் கிடந்து எழும்புகிற செடிக்கு, ஹீட்டருக்கு மேலே யன்னல்கட்டு சாவுதான். குளிர் அதைக் கொல்லாது, தேங்கின ஈரம்தான் கொல்லும்.

இணையத்தில் வானவில் நிற விதை என்று விற்பதும் இதே ஏமாற்றுத்தான். அந்தக் கடும் நீலம் இந்த இனத்தில் கிடையாது. கலப்பு ரகங்கள் விதையில் தாயைப்போல வருவதும் இல்லை.

பங்குனியில், வெளியே வளர்த்து விற்கிற ஒரு நாற்றுத்தோட்டத்தில் 6 பிராங்குக்கு ஒன்று வாங்கினேன். ஓட்டையுள்ள மண்சாடி, பாதிக்கு மேல் பொடிக்கல், நாள் முழுக்க வெயில். வெயில் கூடக்கூட வலை அடர்த்தியாகும், நிழலில் கொத்து விரிந்து நீளும். வெயில் காலத்தில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர், குளிர்காலத்தில் ஒரு சொட்டும் வேண்டாம். பூத்த கொத்து பூத்து முடிந்ததும் காயும், பயப்படாதீர்கள், அது அதன் இயல்பு. சுற்றியுள்ள குட்டிகள் இடத்தை நிரப்பிவிடும். அம்மாவின் பல்கனியில் இப்போது ஒன்பது குட்டி. காலமையில் தேத்தண்ணியோடு போய் எண்ணிப் பார்க்கிறா.

அந்தக் கடை இந்த மார்கழியும் வரும். கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள், கல்லை விரலால் அசைத்துப் பாருங்கள். ஓட்டை இல்லாவிட்டால், கல் அசையாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.