480 யூரோ போச்சு: பழைய பாரிஸ் உடை வரைபடம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இன்று காலை கடையிலிருந்து கடைசி பதிலும் வந்துவிட்டது. பணம் திரும்பாதாம். 480 யூரோ. கோபம் அடங்கவில்லை, ஆனால் இன்றே எழுதாவிட்டால் அதே கடையில் இன்னொருவர் ஏமாறுவார்.

பாரிஸில் உடை திருத்தும் பட்டறையில் பதினோரு வருடமாகத் தைக்கிறேன். 1947 பிப்ரவரி 12 அன்று உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் தன் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். ஒட்டிய இடுப்பு, மீட்டர் மீட்டராகத் துணி விழுங்கும் பாவாடை. அந்தக் காலத்து வரைபடம் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பழைய காகிதங்கள் விற்கும் ஓர் இணையக் கடையில் கண்ணில் பட்டது. கறுப்பு மாலை உடை. பென்சில் கோடு, மேலே நீர்வண்ணம், மூலையில் 1947. ஓரத்தில் குண்டூசியால் குத்திய ஒரு துணித் துண்டு. அந்தக் குண்டூசியில்தான் விழுந்தேன். பெரிய உடை நிறுவனங்களில் உண்மையாகவே வரைபடத்தோடு துணி மாதிரியைக் குத்தி வைப்பார்கள். ஊசி துருவேறி, காகிதத்தில் பழுப்பு வட்டம் வேறு. தொலைபேசியில் விற்பவர், "தியோர் பட்டறையிலிருந்து வந்தது, சுத்தப் பட்டு. நீங்கள் தொழில் தெரிந்தவர் மேடம், பார்த்தாலே புரியும்" என்றார். அந்தப் பேச்சில் மயங்கி அப்போதே பணம் கட்டினேன்.

கைக்கு வந்து துணியைத் தொட்டதும் மனசுக்குச் சரியாகப் படவில்லை. ஊரில் அம்மா பட்டுச் சேலை வாங்கினால் செய்வதுபோல ஒரு நூலை உருவி எரித்தேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பாலியெஸ்டர்! அந்தத் துணி விற்பனைக்கு வந்ததே 1950களில்.

கேட்டேன். "துணியை யாராவது பிற்பாடு மாற்றியிருக்கலாம்" என்றார்கள். சரி என்று, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் காகிதத்தின் மேல் பிடித்தேன். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்வது வெண்மை கூட்டும் ரசாயனத்தால்; அது காகிதத்தில் பரவலானது 1950க்கு அப்புறம்தான். அதற்கு "விசாரிக்கிறோம்" என்று ஒரு வாரம். அப்புறம் "எங்கள் நிபுணர் விடுமுறையில் இருக்கிறார்". கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பென்சில் கோடே பொய். எல்லாம் நுண்ணிய வண்ணப் புள்ளிகள். அச்சடித்த நகலின் மேல் தூரிகையால் நாலு இழுப்பு!

படம் எடுத்து அனுப்பினேன். அதற்குத்தான் இன்றைய பதில்: விளம்பரத்தின் அடியில் 'தியோர் ரசனையில்' என்று எழுதியிருந்ததாம். போய்ப் பார்த்தேன், எறும்பு எழுத்தில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி, அப்படி எழுதினால் வரைந்தவருக்கோ காலத்துக்கோ எந்த உத்தரவாதமும் கிடையாது. 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமையும் முந்தாநாளோடு முடிந்துவிட்டதாம். நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வாங்குவோருக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. 'ரசனையில்', 'பாணியில்' என்றிருந்தால் தொடாதீர்கள். பேச்சில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். கோட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சந்தேகம் வந்த அன்றே "திருப்பித் தருகிறேன்" என்று பதிவுத் தபால் போடுங்கள், விளக்கத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

480 யூரோ என் பத்து நாள் உழைப்பு. நாளை நுகர்வோர் சங்கத்துக்குப் போகிறேன், அந்தக் குண்டூசியைக் கழற்றாமல் அப்படியே கொண்டுபோகிறேன்.