பினாங்கில் பழைய டிஸ்க் பிரேக் 'முழு செட்' வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

புரோட்டோன் வீரா 1.5 கார் வைத்திருக்கும் பலருக்கும் உள்ள ஆசைதான். பின் சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, 1.8 மாடலில் இருப்பது போன்ற டிஸ்க் பிரேக்கை வீட்டிலேயே மாட்டிவிட வேண்டும். இந்த ஆசையை நம்பியே பிறைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடை பிழைக்கிறது.

'முழு செட்' விலை 550 ரிங்கிட். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் இரண்டு, இரண்டு டிஸ்க், ஹேண்ட் பிரேக் கேபிள்கள், அழுத்தத்தை முன்னும் பின்னும் பங்கிடும் வால்வு எல்லாம் சேர்ந்தது என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார் கடைக்காரர். "ஜப்பானில் பாதியாக அறுத்த காரில் எடுத்தது தம்பி, அப்படியே மாட்டி ஓட்டலாம்" என்றார். நானும் நம்பி வாங்கினேன். பணம் போன பிறகுதான் பெட்டி வந்தது.

பளபளவென்று சிவப்புச் சாயம். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. பழைய கேலிப்பருக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. இரண்டு இடது கால் செருப்பை ஜோடி என்று விற்றிருக்கிறார்கள்.

மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். காற்று வெளியேற்றும் நிப்பிள் கேலிப்பரின் மேல்பகுதியில் இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று பிரேக் எண்ணெய்க்கு மேலே போய்த்தான் தங்கும். இடது கேலிப்பரை வலது பக்கம் மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை பாட்டில் எண்ணெய் விட்டாலும் பெடல் கெட்டிப்படாது. ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டும் நெம்புகோலும் தவறான திசையில் நிற்கும். பாலிக் பூலாவுக்கு இறங்கும் மலைச்சாலையில் அப்படி ஒரு காரை ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சாயத்தின் அடியில் துரு. இந்த வகைக் கேலிப்பரில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். அதற்கான கருவியை வைத்துத் திருகியும் ஒன்று அசையவே இல்லை. தூசி தடுக்கும் ரப்பர் கிழிந்து, அதன்மேலும் சாயம் பூசியிருந்தார்கள்! டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் 8.4 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. வெர்னியர் அளவுகோலில் அளந்தால் 7.9. கடைசல் பிடித்து மினுக்கிய டிஸ்க், கண்ணுக்குப் புதிதாகத்தான் தெரியும்.

வால்வு பெட்டியிலேயே இல்லை. கேட்டதற்கு, "அது எதற்கு, யாரும் மாட்டுவதில்லை" என்று பதில். பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும் என்பது பிரேக் விற்கிறவருக்குத் தெரியாதா?

பிறகு வழக்கமான பாட்டு. பழைய சாமானைத் திருப்பி எடுப்பதில்லை, ரசீதில் அச்சடித்திருக்கிறது, நீங்கள்தான் மாற்றி வைத்திருப்பீர்கள் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் வாட்ஸ்அப்பில் என் தொலைபேசி எண்ணையே தடுத்துவிட்டார்.

ரசீதில் அப்படி அச்சடித்தால் சட்டம் ஓடிவிடாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். கடைக்காரர் தன் விருப்பத்துக்கு அதிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய சான்று, வெர்னியரோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் இணைத்து மனுவைக் கொடுத்துவிட்டேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.

இதே சிவப்புச் சாயக் கேலிப்பர்கள் உங்களுக்கும் வந்திருந்தால் கழுவிவிடாதீர்கள். வந்த நிலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.