அன்டெனாவுக்கு எர்த் போட வருபவரிடம் கவனம்

ஹட்டன், டிக்கோயா பக்கம் இருப்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். இடி மின்னல் காலம் நெருங்கும்போது வீடு வீடாக வந்து, "அன்டெனா கம்பத்துக்கு எர்த் போட்டுத் தாறேன்" என்று ஒரு வயரிங் பாஸ் வேலை பிடிக்கிறார். எங்கள் வீட்டில் 18,000 ரூபா வாங்கினார். அவர் போட்டுவிட்டுப் போனதற்கு எர்த் என்று பெயர் சொல்லவே முடியாது.

எர்த் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடு பள்ளத்தில். பீதுருதலாகலையிலிருந்து வரும் சிக்னலை முன்னால் இருக்கும் மலை மறைக்கிறது, அதனால் கம்பத்தை நன்றாக உயர்த்தினால்தான் படம் வரும். டிஷ் பூட்டச் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். மாதக் காசு இல்லாமல் ரூபவாஹினி பார்க்கலாமே என்பது அவர் கட்சி. ஆக, தகரக் கூரைக்கு மேலே ஒரு ஜீ.ஐ. பைப் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இங்கே எப்படி முழங்கும் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வந்தவர் 4 அடி செப்பு ரொட், தடித்த செப்பு வயர், கரி, உப்பு என்று கணக்குச் சொன்னார். நாங்கள் தேத்தண்ணி போட உள்ளே போன நேரத்தில் ரொட் மண்ணுக்குள் போய், மேலே சீமெந்தும் பூசியாகிவிட்டது. அப்புறம் டெஸ்டரை எடுத்து ரொட் தலையில் வைத்துக் காட்டினார். "பாருங்க அக்கா, எரியல. எர்த் சுப்பரா இருக்கு. இனி இடி இடிச்சாலும் பயமில்லாம டீவி பாருங்க." டெஸ்டர் எரியாவிட்டால் அங்கே கரண்ட் இல்லை என்றுதான் அர்த்தம். வாசல் கல்லில் வைத்தாலும் எரியாது. எர்த் எவ்வளவு நல்லது என்று பார்க்க அதற்கென்று எர்த் டெஸ்டர் மீட்டர் இருக்கிறது, தரையில் வேறு இரண்டு கம்பிகள் குத்தி அளப்பார்கள். அது அவரிடம் இல்லை.

மோசடி வெளிப்பட்டது மின்னலால் அல்ல. காற்றுக்குத் திரும்பிய அன்டெனாவைச் சரிசெய்யத் தம்பி கூரையில் ஏறிக் கம்பத்தைப் பிடித்தான். சுர்ரென்று கையில் இழுத்திருக்கிறது. சிக்னலைக் கூட்டும் பூஸ்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டியிலிருந்து அன்டெனா வயரின் வெளிவலைக்கு (நடுக் கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி வலை) கொஞ்சம் கசிவு வருவது வழமைதான். உயிருக்கு ஆபத்தான அளவு இல்லை, ஆனால் கூரையில் நிற்பவன் திடுக்கிட்டால் கால் எங்கே போகும்? கம்பத்துக்கு உண்மையாக எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், கையில் தெரியவே தெரியாது. சும்மா ஒரு எர்த் இருந்திருந்தால்கூடப் போதும். அதனால்தான் சந்தேகம் வந்தது.

ஹட்டன் டவுனிலிருந்து தெரிந்த ஒருவரை அழைத்து வந்தோம். அவர் மல்டிமீட்டரை கம்பத்துக்கும் எர்த் வயருக்கும் இடையில் வைத்தார். தொடர்பே இல்லை! துருப்பிடிக்காமல் இருக்க அப்பா பைப்புக்கு அடித்திருந்த பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே கிளாம்ப்பை இறுக்கியிருக்கிறார் அந்த பாஸ். வயரைப் பார்த்தால் வீட்டுக்குள் பல்புக்கு இழுக்கும் மெல்லிய வயர். கம்பத்தை எர்த் பண்ணச் செப்பென்றால் 16 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது ஐ.ஈ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரம். சீமெந்தை உடைத்தோம். 4 அடி செப்பு ரொட் வரவில்லை, கொங்கிரீட்டுக்குப் போடும் கம்பித் துண்டு ஒன்று வந்தது, ஒரு அடி இருக்கும். கரியும் உப்பும் மட்டும் தாராளமாகப் போட்டிருந்தார். உப்பு அந்த இரும்பை அரிக்கத் தொடங்கியிருந்தது.

அந்த பாஸுக்குப் போன் பண்ணிக் கேட்டதற்கு, "அக்கா, இங்க எல்லாம் கல்லு, அதுக்கு மேல இறங்கலயே" என்றார். கல் இருப்பது உண்மை. புதிதாக வந்தவருக்கும் இரண்டு இடத்தில் இறங்கவில்லை. மூன்றாவது இடத்தில் ரொட்டைச் சாய்த்து அடித்தார், முழுதாக இறங்கியது. சாய்த்தும் போகாவிட்டால் இரண்டரை அடி ஆழத்தில் கான் வெட்டிப் படுக்க வைக்கலாம் என்றார். ரொட்டுக்குப் பதில் துண்டுக் கம்பியை வைத்துவிட்டு சீமெந்து பூசுவது எந்த முறையிலும் இல்லை.

இதைவிட எனக்குக் கோபம் வந்த விஷயம் வேறு. அந்த பாஸ் புதைத்த கம்பியை வீட்டு மெயின் எர்த்தோடு சேர்க்கவே இல்லை. "தனியா இருந்தாத்தான் நல்லது, சேர்த்தா மின்னல் வீட்டுக்குள்ள வரும்" என்று விளக்கமும் தந்தார். நடப்பது நேர்மாறு. நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் ரொட் உண்டு. பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால் மண்ணில் இடத்துக்கு இடம் வோல்டேஜ் வேறுபடும். கம்பத்தின் எர்த் ஒரு பக்கம், மெயின் சுவிட்ச் எர்த் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்தால், அந்த வித்தியாசம் அன்டெனா வயர் வழியாக வந்து டீவிக்குள் போய் கரண்ட் வயரால் வெளியேறும். நடுவில் எரிவது டீவி. இரண்டையும் தடித்த செப்பு வயரால் சேர்த்துவிட்டால் எல்லா இடத்திலும் வோல்டேஜ் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அன்டெனா வயரின் வெளிவலையையும் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதே எர்த்தில் பிடிக்க வேண்டும். புதியவர் இவ்வளவையும் செய்தார், முதல் ஆள் வாங்கியதைவிடக் கூடுதலாகத்தான் எடுத்தார், ஆனால் ஒவ்வொரு சாமானையும் கையில் தந்து காட்டிவிட்டுத்தான் பூட்டினார். நேராக மின்னல் விழுந்தால் இதுவும் காப்பாற்றாது, வானம் கறுக்கும்போதே அன்டெனா வயரையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வேலைக்கு ஆள் வந்தால் ரொட் மண்ணில் இறங்குவதற்கு முன் நீளத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், தேத்தண்ணியை வேறு யாராவது போடட்டும். சுவரில், கூரை விளிம்புக்கு 2 மீற்றருக்குக் கீழே, சுவரிலிருந்து ஒன்றரை மீற்றருக்குள் இருக்கும் டிஷ்ஷுக்கு அந்த ஐ.ஈ.சி. தரத்தின்படி இந்த எர்த் கட்டாயமில்லை. அதற்கும் ஒரு வீட்டில் அந்த பாஸ் காசு வாங்கியிருக்கிறார்.

பில் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் முறைப்பாடு சொல்லும்போது அது கையில் இருப்பது நல்லது. எங்களிடம் அவர் எழுதித் தந்த துண்டு இருந்ததால், முறையிடப்போகிறோம் என்றதும் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். மீதியைக் கேட்டு நாங்கள் எடுக்கும் போனுக்கு இன்னும் பதில் இல்லை.

மேல் வீட்டிலும் அவர்தான் எர்த் போட்டிருந்தார். போன கிழமை அங்கேயும் சீமெந்தை உடைத்துப் பார்த்தோம். அந்த ஒரு அடிக் கம்பிகூட இல்லை. வயர் நுனியை அப்படியே சீமெந்துக்குள் சொருகியிருக்கிறார்.