எட்டு டப்பாவில் மூன்று போதும்: ஹாட் டப் நீர்ப் பராமரிப்புத் தொகுப்பு, பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டில் ஹாட் டப், அதாவது உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி, வைப்பவர்கள் பெரும்பாலும் தொட்டியோடு சேர்த்தே ‘தொடக்கநிலை நீர்ப் பராமரிப்புத் தொகுப்பு’ ஒன்றையும் வாங்கிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். எங்கள் தொட்டி நான்கு பேர் உட்காரக்கூடியது. 1,200 லிட்டர் கொள்ளும். பெட்டியில் டைகுளோர் குருணை (கிருமி கொல்லும் குளோரின் மருந்து), பி.எச். (அமில-கார அளவு) குறைக்கும் தூள், காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் நீரின் திறன்) கூட்டும் தூள், குளோரின் கலவாத ஷாக் தூள் (நீரில் கரைந்த அழுக்கைச் சிதைப்பது), நுரை அடக்கி, தெளிவூட்டி, வடிகட்டி கழுவும் திரவம், சோதனைப் பட்டைகள் என எட்டுப் பொருள்கள் இருந்தன. இரசாயனங்களின் தரத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. எதை எவ்வளவு போட வேண்டும் என்று கண்டறிய அந்தப் பெட்டி தருகிற கருவியும், அதோடு வந்த கையேடும்தான் குறையுள்ளவை.

முதலில் பட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டையை நீரில் முக்கி எடுத்து, உதறாமல் கிடையாகப் பிடித்து, 15 வினாடி கழித்து டப்பாவின் மேலுள்ள வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் 3 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு நீரில் இத்தனை பங்கு என்ற அளவு) குளோரினுக்கும் 5 பி.பி.எம். குளோரினுக்கும் இடையே அந்த ஊதா நிறத்தில் உள்ள வேறுபாட்டை மாலை வெளிச்சத்தில் கண்டுபிடிக்க என் கண்ணால் முடியவில்லை; மனைவி ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். இதற்கு மேல் என் தவறும் ஒன்று சேர்ந்துகொண்டது. டப்பாவைத் தொட்டியின் ஓரத்திலேயே வைத்துவிட்டு ஈரக் கையால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஈரம் பட்ட பட்டைகள் சில வாரங்களில் கெட்டுப்போய், எப்போது முக்கினாலும் வெளிறிய நிறத்தையே காட்டத் தொடங்கின. குளோரின் இல்லை போலிருக்கிறது என்று நான் மேலும் மேலும் குருணையைக் கொட்டினேன். மூன்றாம் நாள் நீச்சலுடையின் கருநீலம் சாம்பல் நிறமாகி, எல்லோருக்கும் கண் எரிந்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

அதன் பிறகு தனியாக வாங்கிய சொட்டுச் சோதனைப் பெட்டிதான் இந்தப் பத்து மாதத்தில் நான் செய்த உருப்படியான செலவு. 10 மில்லிலிட்டர் தொட்டி நீரைச் சிறு குழாயில் எடுத்து, வெள்ளைத் தூளைக் கலந்தால் நீர் இளஞ்சிவப்பாகிறது. அதில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு சட்டென்று மறைந்து நீர் தெளிந்துவிடும். அதுவரை விட்ட சொட்டுகளைப் பாதியாக்கினால் வருவது பி.பி.எம். அளவு. நிறத்தை ஒப்பிட வேண்டிய வேலையே இல்லை, எண்ணத் தெரிந்தால் போதும். அன்று நான் எண்ணிய சொட்டுகள் 25. அதாவது 12.5 பி.பி.எம்.; 3 முதல் 5 வரை இருக்க வேண்டிய இடத்தில்! தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, அளவு ஐந்துக்குக் கீழே இறங்கும் வரை யாரும் இறங்காமல் காத்திருந்தோம்.

இந்தக் குழப்பத்தில் கையேட்டுக்கும் பங்குண்டு. ‘குளித்த பின் ஒரு மூடி அளவு குருணை இடவும்’ என்று மட்டுமே அதில் இருக்கிறது. அந்த டப்பா மூடியில் பிடிக்கும் குருணையைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 17 கிராம் இருந்தது. டைகுளோரில் ஏறத்தாழ 55 விழுக்காடுதான் செயல்படும் குளோரின் என்று கொண்டால், 1,000 லிட்டரில் 1 பி.பி.எம். ஏற்றுவதற்கு 1.8 கிராம் போதும். எங்கள் தொட்டியில் 3 பி.பி.எம். ஏற்ற ஆறரை கிராம் குருணை வேண்டும். ஒரு மூடி என்பது கிட்டத்தட்ட 8 பி.பி.எம். ஏற்றிவிடும். எத்தனை லிட்டர் தொட்டிக்கு எத்தனை கிராம் என்று ஒரு சிறு அட்டவணை போட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தேவைப்பட்டிருக்காது. குளிப்பதற்கு முன்பு போடுவதைவிடக் குளித்து எழுந்ததும் போட வேண்டும் என்று சொன்னது மட்டும் சரியான அறிவுரை. 38, 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் குளோரின் வேகமாகத் தேய்கிறது. வியர்வையும் தோல் எண்ணெயும் மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. இரவு முழுவதும் குளோரினே இல்லாமல் மூடிக் கிடக்கும் வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியா பெருகுவதற்கு வேறெதுவும் வேண்டாம். உடம்பில் அரிப்போடு சிவந்த கொப்புளங்களை உண்டாக்கும் சூடோமோனாஸும், நீர்த்திவலைகளோடு மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லாவும் இப்படிப்பட்ட நீரில் வளர்பவையே. நீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதை மட்டும் வைத்து அதில் இறங்கிவிடக் கூடாது.

கையேடு வாயே திறக்காத விஷயம் சயனூரிக் அமிலம். டைகுளோர் கரையும்போது குளோரினோடு இதுவும் நீரில் சேர்கிறது, 10 பி.பி.எம். குளோரின் போட்டால் 9 பி.பி.எம். சயனூரிக் அமிலம் கூடவே வந்துவிடும். வெயிலில் கிடக்கும் நீச்சல் குளத்தில் குளோரினைச் சூரியனிடமிருந்து காப்பாற்ற அது உதவும். எப்போதும் மூடியே இருக்கும் ஹாட் டப்பில் அதற்கு அந்த வேலை கிடையாது. குளோரின் தேய்ந்து தீர்ந்துவிடும், இந்த அமிலமோ நீரை மாற்றும் வரை அப்படியே தங்கிக் குவியும். குவியக் குவிய அதே 3 பி.பி.எம். குளோரின் கிருமிகளைக் கொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமும் நீளும். தினமும் 3 பி.பி.எம். வீதம் போட்டால் ஒரு மாதத்திலேயே 80 பி.பி.எம். சேர்ந்துவிடுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஹாட் டப்பில் சயனூரிக் அமிலமோ அது கலந்த குளோரினோ பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. இதைப் படித்த பிறகு நான் மணமோ வேறு சேர்க்கையோ இல்லாத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) திரவத்துக்கு மாறிவிட்டேன். வெந்நீர்த் தொட்டிக்கென்றே விற்கப்படும் ஒரு தொகுப்பில் முதன்மைப் பொருளாக டைகுளோரை வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது எனக்குப் பொறுப்பின்மையாகவே படுகிறது.

பி.எச். குறைக்கும் தூள் நல்ல பொருள். சோடியம் பைசல்ஃபேட்தான், எளிதில் கரைகிறது, கட்டி தட்டுவதில்லை. ஜெட்டுகள் (நீரைப் பீய்ச்சும் துளைகள்) ஓடும்போது நீரில் காற்று கலந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் ஹாட் டப்பில் பி.எச். எப்போதும் மேல் நோக்கியே நகரும், 7.2 முதல் 7.8 வரை நிறுத்தி வைக்க இந்தத் தூள் அடிக்கடி தேவைப்படும். காரத்தன்மை கூட்டும் தூள் என்று வந்திருப்பது சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையல் சோடா. அதைத் தனி டப்பாவில் அடைத்து விற்பதில் எனக்கு வியப்பில்லை, வருத்தம் மட்டும் உண்டு. மேலும், கையேடு சொல்வது போலக் காரத்தன்மையை 120 பி.பி.எம். வரை ஏற்றினால் பி.எச். இன்னும் வேகமாக ஏறுகிறது. 80-ஐ ஒட்டி வைத்துக்கொண்ட பிறகு எனக்கு வாரம் ஒருமுறை திருத்தினாலே போதுமானதாகிவிட்டது.

நுரை அடக்கியும் தெளிவூட்டியும் நோயை விட்டுவிட்டு அறிகுறியை மூடி மறைப்பவை. நுரை வருவது பெரும்பாலும் நீச்சலுடையில் தங்கிய சலவைத்தூளாலும் உடம்பில் பூசிய லோஷனாலும்தான்; இரண்டு சொட்டு விட்டதும் நுரை அடங்குகிறது, மறுநாள் ஜெட்டைப் போட்டால் திரும்ப வந்து நிற்கிறது. உடையை வெறும் நீரில் அலசி, முதலில் ஷவரில் குளித்துவிட்டு இறங்கத் தொடங்கியதும் நுரை நின்றது. கலங்கலுக்கும் காரணம், ஒன்று குளோரின் போதாமை, இல்லையென்றால் அழுக்கடைந்த வடிகட்டி.

வடிகட்டி கழுவும் திரவத்தை மட்டும் மனதாரப் பாராட்டுவேன். வாரம் ஒருமுறை மடிப்பு மடிப்பாக விரித்துக் குழாய் நீரில் அலசினால் தலைமுடியும் துகள்களும் போய்விடும். தோல் எண்ணெய் போகாது. மாதம் ஒருமுறை இந்தத் திரவம் கலந்த வாளியில் இரவு முழுக்க ஊற வைத்தால், காலையில் வாளி நீர் பழுப்பேறி மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறது; மடிப்புகள் மறுபடி வெளுத்து நிற்கின்றன. மாற்று வடிகட்டி ஒன்று கைவசம் இருந்தால் ஊறுகிற இரவிலும் தொட்டியை நிறுத்த வேண்டியதில்லை.

பெட்டியில் இருந்திருக்க வேண்டியது, ஆனால் இல்லாதது, குழாய் கழுவும் மருந்து. ஜெட்டுகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் குழாய்களின் உட்சுவரில் படியும் வழவழப்பான படலத்தைக் குளோரின் எளிதில் துளைப்பதில்லை. அதைப் பெயர்த்தெடுக்காமல் நீரை மட்டும் மாற்றினால் புது நீருக்கும் பழைய அழுக்கே விதையாகிவிடும். முதல் முறை நீரை வடிக்கும் முன் இந்த மருந்தை ஊற்றி ஜெட்டுகளை ஓட விட்டபோது, சாம்பல் நிறச் செதில்கள் மேலே வந்து விளிம்பில் வட்டமாக ஒட்டிக்கொண்டன. மூன்று மாதம் அந்த நீரில்தான் தலை சாய்த்துக் கிடந்தோம் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீரை மாற்றச் சொல்லும் கையேடு எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. லிட்டர் அளவை ஏறத்தாழ 11-ஆல் வகுத்து, வருவதைத் தினமும் குளிப்பவர்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுப்பது பழகிய கணக்கு. அதன்படி எங்கள் இருவருக்கு 50 நாளைச் சற்றுத் தாண்டியதுமே நீரை மாற்றியாக வேண்டும்.

பாதுகாப்புக் குறிப்புகள் பெரிய எழுத்தில், தெளிவாக உள்ளன. உலர்ந்த கரண்டியால் அள்ளுவது, இருவகைக் குளோரினை ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பது, மருந்து போட்டபின் அரை மணி நேரம் தொட்டி மூடியைத் திறந்து வைப்பது என எதுவும் விடுபடவில்லை.

இதே தொகுப்பை மறுபடி வாங்க மாட்டேன். பி.எச். தூள், ஷாக் தூள், வடிகட்டித் திரவம் ஆகிய மூன்றையும் தனித்தனியே வாங்கிக்கொள்கிறேன். சோதனைப் பட்டைகள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. நுரை அடக்கிப் புட்டியில் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.