டல்லாஸ் பக்கம் எல்.டி.சி. துப்பாக்கி வகுப்பு: போகலாமா?

டெக்சஸில் கைத்துப்பாக்கியைக் கூடவே எடுத்துப் போவதற்கான உரிமத்தைத்தான் எல்.டி.சி. என்கிறார்கள். அதற்கான வகுப்பை பிளேனோ பக்கம் துப்பாக்கி சுடப் பழகும் ஒரு ரேஞ்சில் முடித்தேன். போகலாமா என்றால் கண்டிப்பாகப் போங்கள். அப்புறம் துப்பாக்கி வாங்கணுமா என்றால், எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருக்கிறேன், அந்த முடிவுக்குப் பெரிய காரணமே இந்த வகுப்புதான்.

நம்மவர்கள் நடுவில் இந்தப் பேச்சு சூடானது 2023 மே 6-க்குப் பிறகு. டல்லாஸ் பக்கத்து ஆலன் ஊரின் அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான், அதில் இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த இளம் பொறியாளர் ஒருவரும் உண்டு. வார இறுதியில் நாம் எல்லோரும் குழந்தைகளோடு போகிற இடம் அது. பயம் வராமல் எப்படி இருக்கும்? அவனைச் சுட்டு நிறுத்தியவர், வேறு ஏதோ வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர். பயிற்சி பெற்றவர், கையில் ஆயுதம் இருந்தது, பக்கத்திலேயே இருந்தார், அப்படியும் எட்டு உயிர் போனது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வகுப்புக்கு வருகிறேன். சட்டப்படி நான்கு முதல் ஆறு மணி நேரம். பாதிக்கு மேல் சட்டம்தான், அதுதான் இந்த வகுப்பின் சிறந்த பகுதி. எப்போது சுடலாம் என்பதை இன்ஸ்ட்ரக்டர் நிதானமாக, ஒவ்வொரு சூழ்நிலையாக எடுத்துச் சொன்னார். வெறும் வாய்ச்சண்டைக்குத் துப்பாக்கியை நீட்ட முடியாது. தகராறைக் கிளப்பியது நீங்கள் என்றால் சட்டம் தருகிற பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். வீட்டுக்குள் பலவந்தமாக நுழைகிறவன் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். இரவில் நடக்கும் திருட்டைத் தடுக்கக்கூட சில நிபந்தனைகளோடு உயிர்போகும் அளவுக்கு பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது டெக்சஸ் சட்டம், கேட்கவே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு டிவிக்காக ஒருவன் உயிரை எடுத்துவிட்டு, சட்டம் விட்டாலும், அப்புறம் எப்படித் தூங்குவது? பார் வாசலில் இருக்கும் சிவப்பு 51% பலகை, கடைகளில் ஒட்டியிருக்கும் 30.06 (மறைத்து வைத்த துப்பாக்கி), 30.07 (வெளியே தெரியும் துப்பாக்கி) அறிவிப்புகள், இவையெல்லாம் துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று சொல்பவை என்பதும் அங்கேதான் தெளிவானது.

சுடும் தேர்வு 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் பாஸ். இலக்கு ஆள் உயரத்துக்கு அசையாமல் நிற்கும் காகிதம், வெளிச்சம் நன்றாக இருக்கும், யாரும் கத்தமாட்டார்கள். இதில் பாஸ் ஆனதை வைத்துக்கொண்டு கூட்டமான மாலில், ஓடுகிற ஜனங்களுக்கு நடுவே, சரியான ஆளை மட்டும் சுட்டுவிடுவேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மாதாமாதம் ரேஞ்சுக்குப் போய்ப் பழகத் தயாராக இல்லாதவர்கள் இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொள்வது அக்கம்பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து.

2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதாகி வேறு தடை எதுவும் இல்லாதவர் உரிமமே இல்லாமல் துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்று மாற்றிவிட்டார்கள். அதனால் பலர் இந்த வகுப்பைத் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. விண்ணப்பக் கட்டணம் 40 டாலர், வகுப்புக் கட்டணம் தனி. இந்தக் காசையும் ஒரு நாளையும் செலவழிக்க மனமில்லாதவர் எதற்குத் துப்பாக்கி எடுத்துப் போக வேண்டும்?

குறை ஒன்று, பெரிய குறை. வீட்டில் துப்பாக்கியை எப்படிப் பூட்டி வைப்பது என்பதைக் கடைசியில் அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் எட்டும்படி குண்டு நிரப்பி வைத்தால் அது குற்றம் என்று ஒரு ஸ்லைடு, அவ்வளவுதான். தற்கொலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 தற்கொலை. பாதிக்கு மேல்! வெளியே இருந்து வரப்போகிற திருடனுக்காக வாங்கி வைக்கிற பொருள், மனசு உடைந்து உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு எட்டிவிடும் என்பதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டாமா? இதைப் பின்னூட்டப் படிவத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: எச்1பி, எஃப்1 போன்ற விசாக்களில் இருந்தால், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைத் தொடும் முன்பும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க உதவும் புராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தில் பல காவல் நிலையங்கள் கேபிள் பூட்டு இலவசமாகத் தருகின்றன, உங்கள் ஊரில் விசாரித்து வாங்கி மாட்டிவிடுங்கள்.